ஓட்டல் மேஜையில் மூண்ட வழக்கு
நாடக மேதை ஆஸ்கார் ஒயில்டின் கண்ணீர்க் கதை

லண்டன் நகரில் ரீஜண்ட் தெரு என்று ஒரு பெரிய தெரு உண்டு. அங்கே இருந்த கபே ராயல் என்ற ஓட்டல் மிகவும் பேர் பெற்றது. எழுத்தாளர்கள், ஓவியர்கள், நாடகக்காரர்கள், பிரபுக்கள் எல்லோரும் அங்கே கூடுவார்கள்.

1894-ம் ஆண்டு. வசந்த காலம். பகல் சாப்பாட்டு வேளை. அந்த ஓட்டலில் ஒரு மேஜைக்கு எதிரும் புதிருமாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஆஜானுபாகு. வயது 39. இங்கிலாந்தே கைதட்டிக் கொண்டாடிய நாடகாசிரியர். மற்றவர் பொன்னிறத் தலைமுடி கொண்ட அழகிய இளைஞர். வயது 23. பிரபு வீட்டுப் பிள்ளை.

இருவரும் சாப்பிட்டார்கள். பேசினார்கள். அவ்வளவுதான்!

ஆனால் அதை மூன்றாவது ஒருவர் பார்த்துவிட்டார். அவர் அந்த இளைஞரின் தந்தை. அவர் பார்த்த பார்வை ஒரு மேதையைச் சிறைக்கு அனுப்பியது. மனைவி மக்களைப் பிரித்தது. 46 வயதில் அவரை அந்நிய மண்ணில் புதைத்தது.

அந்த நாடகாசிரியர்தான் ஆஸ்கார் ஒயில்டு.

டாக்டர் பெற்ற பிள்ளை

ஒயில்டு பிறந்தது அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில். 1854-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி. தந்தை சர் வில்லியம் ஒயில்டு, கண்ணுக்கும் காதுக்கும் வைத்தியம் செய்வதில் பெயர் பெற்ற டாக்டர். தாயார் ஜேன், கவிதை எழுதுபவர். அயர்லாந்தின் விடுதலைக்காகப் புனைபெயரில் பாடியவர்.

பையன் படிப்பில் சூரன். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் கிரேக்க இலக்கியம் படித்துப் பரிசு பெற்றார். பிறகு ஆக்ஸ்போர்டு சென்றார். அங்கே 1878-ம் ஆண்டில் கவிதைக்கான நியூடிகேட் பரிசை வென்றார்.

படிப்பு முடிந்ததும் லண்டன் வந்தார். அவர் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போவது கூடத் தெரியாமல் கூட்டம் கேட்டுக் கொண்டிருக்கும். 1882-ம் ஆண்டில் அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்தார்.

1884-ம் ஆண்டு மே மாதம் கான்ஸ்டன்ஸ் லாயிட் என்ற பெண்ணை மணந்தார். இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. மூத்தவன் சிரில். இளையவன் விவியன். டைட் தெருவில் வீடு. குழந்தைகளுக்குக் கதை சொல்வதில் அவருக்குக் கொள்ளை ஆசை.

1892-ம் ஆண்டு முதல் அவருடைய நாடகங்கள் லண்டனைக் கலக்கின. பணமும் புகழும் வந்து குவிந்தன.

மனத்தில் இருந்த ரகசியம்

ஆனால் ஒயில்டின் மனத்தில் ஒரு ரகசியம் இருந்தது. அவருடைய காதல் ஆண்களை நாடியது.

1891-ம் ஆண்டில் அவர் ஆல்பிரட் டக்ளஸ் என்ற ஆக்ஸ்போர்டு மாணவரைச் சந்தித்தார். இருவரும் பிரியாத துணையானார்கள். சேர்ந்து ஓட்டலுக்குப் போனார்கள்; நாடகம் பார்க்கப் போனார்கள்; ஊர் சுற்றினார்கள். டக்ளஸ் முன்கோபி. பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிப்பவர். பல தடவை சண்டை வந்தது. ஒவ்வொரு தடவையும் சமாதானமும் வந்தது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது எவ்வளவு ஆபத்தான விளையாட்டு தெரியுமா?

ஆணும் ஆணும் உறவு கொண்டால் தூக்கு என்பது 1533-ம் ஆண்டு முதல் அங்கே சட்டம். கடைசியாக 1835-ம் ஆண்டில் இரண்டு ஏழைகளைத் தூக்கில் போட்டார்கள். 1861-ம் ஆண்டில் தூக்குத் தண்டனை போய், ஆயுள் தண்டனை வந்தது. 1885-ம் ஆண்டில் இளம் பெண்களைக் காப்பதற்காகப் பார்லிமெண்டில் ஒரு மசோதா வந்தது. அதில் ஹென்றி லபூஷேர் என்ற அங்கத்தினர் ஒரு புதிய பிரிவைச் சேர்த்தார். இரண்டு ஆண்கள் முறைகேடாக நடந்தால் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் என்றது அந்தப் பிரிவு. எது முறைகேடு என்று அது விளக்கவில்லை. பொது இடமானாலும் சரி, பூட்டிய அறையானாலும் சரி, குற்றம் குற்றமே என்றது.

மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு இந்தச் சட்டம் நல்ல ஆயுதமாயிற்று. ஆனாலும் பெரிய மனிதர்கள் விஷயத்தில் ஊர் கண்ணை மூடிக்கொள்ளும். ஒரே ஒரு நிபந்தனை: வெளியே தெரியக்கூடாது!

ஒயில்டும் டக்ளசும் அந்த நிபந்தனையைத்தான் மீறினார்கள்.

தகப்பனார் கண்ட காட்சி

டக்ளசின் தந்தை குவீன்ஸ்பரி பிரபு. குத்துச்சண்டையில் இன்றும் பேசப்படும் குவீன்ஸ்பரி விதிகள் அவர் பெயரைத் தாங்கியவை. முரட்டு மனிதர். மனைவி விவாகரத்துப் பெற்றுப் போய்விட்டாள். பிள்ளைகளோடும் ஓயாத சண்டை.

இதே கபே ராயலில் இரண்டு ஆண்டுக்கு முன் அவர் ஒயில்டையும் மகனையும் சேர்ந்து பார்த்ததுண்டு. அப்போது மகன் அவரைத் தங்கள் மேஜைக்கே அழைத்தார். ஒயில்டின் பேச்சில் பிரபு மயங்கிப் போனார். கோபமெல்லாம் பறந்துவிட்டது. ஆனால் அந்த மயக்கம் நிலைக்கவில்லை.

1894-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மகனும் ஒயில்டும் உட்கார்ந்திருந்த விதத்தையும் அவர்கள் முகபாவத்தையும் கண்ணாரக் கண்டதாகவும், அதுவே தமக்குப் போதும் என்றும் சொன்னார். அப்படி இருப்பதும் ஒன்றுதான், அப்படித் தோன்றுவதும் ஒன்றுதான் என்பது அவர் வாதம். உறவை முறிக்காவிட்டால் காலணா கிடையாது என்று எச்சரித்தார்.

மகன் அடங்கவில்லை. தந்தையைக் கேலி செய்து ஒரு வரித் தந்தி அடித்தார்!

பிரபு நேரே ஒயில்டின் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டார். ஒயில்டு அவரை வெளியே போகச் சொன்னார். பிறகு பிரபு ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கினார். அந்த இருவரையும் ஒன்றாகப் பார்த்தால் அங்கேயே உதைப்பதாக மிரட்டினார். கலாட்டாவுக்குப் பயந்து ஓட்டல்காரர்கள் கையைப் பிசைந்தார்கள்.

டக்ளஸ் அதற்கும் பதில் எழுதினார். ஊரில் பேர் போன ஓட்டல்களின் பெயரை வரிசையாகச் சொல்லி, அங்கெல்லாம் வேண்டுமென்றே ஒயில்டோடு போய் உட்காருவதாகத் தெரிவித்தார். கைத்துப்பாக்கி வைத்திருப்பதாகவும் எழுதினார்.

ஒரு மேஜையில் சேர்ந்து உட்காருவதே போர் முழக்கமாகிவிட்டது!

காய்கறிக் கட்டு

1895-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி. ஒயில்டின் தலைசிறந்த நாடகமான எர்னஸ்ட் நாடகம் செயின்ட் ஜேம்ஸ் கொட்டகையில் அரங்கேறியது. குவீன்ஸ்பரி பிரபு ஒரு கட்டுக் காய்கறியோடு வந்து சேர்ந்தார். சபையிலே ஒயில்டை அவமானப்படுத்துவது அவர் எண்ணம். செய்தி முன்பே கசிந்துவிட்டதால் வாசலில் போலீசார் நின்றார்கள். பிரபுவால் உள்ளே நுழைய முடியவில்லை.

நான்கு நாள் கழித்து, 18-ந் தேதி மாலை நாலரை மணி. பிரபு, ஒயில்டு அங்கத்தினராக இருந்த ஆல்பமார்ல் கிளப்புக்குப் போனார். தம்முடைய பெயர் அச்சடித்த சீட்டில் ஒரு வரி கிறுக்கி வாசல் சிப்பந்தியிடம் கொடுத்துவிட்டுப் போனார். சிப்பந்தி நல்லவர். அதை ஒரு உறையில் போட்டு, வேறு யாரும் பார்க்காமல் வைத்திருந்தார். பத்து நாள் கழித்து அது ஒயில்டு கைக்கு வந்தது.

ஆணோடு உறவு கொள்பவர் போல் ஒயில்டு காட்டிக்கொள்கிறார் என்பதே அந்த வரியின் பொருள். அவசரத்தில் ஒரு சொல்லை எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார். கவனியுங்கள். ஒயில்டு இன்னது செய்தார் என்று பிரபு எழுதவில்லை. அப்படித் தோற்றமளிக்கிறார் என்றுதான் எழுதினார்.

சீட்டைக் கிழித்துப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நண்பர்கள் சிலர் அப்படித்தான் புத்தி சொன்னார்கள். டக்ளசோ வழக்குப் போடத் தூண்டினார். ஒயில்டு பிரபு மீது மானநஷ்ட வழக்குத் தொடுத்தார்.

ஒரு முத்தம் பற்றிய கேள்வி

ஏப்ரல் 3-ந் தேதி ஓல்டு பெய்லி கோர்ட்டில் விசாரணை. பிரபுவுக்காக வாதாடியவர் எட்வர்டு கார்சன். டிரினிட்டி கல்லூரியில் ஒயில்டோடு படித்தவர்!

முதல் நாள் ஒயில்டின் கெட்டிக்காரப் பதில்களைக் கேட்டுக் கோர்ட்டே சிரித்தது. மறுநாள் கார்சன் சில இளைஞர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டார். வேலையில்லாதவன், குதிரைக்காரன், வீட்டு வேலைக்காரன் என்று எல்லோரும் ஏழைகள். இவர்களுக்கு ஏன் விருந்து வைத்தீர், ஏன் பரிசு கொடுத்தீர் என்று துளைத்தார்.

ஆக்ஸ்போர்டில் எடுபிடி வேலை பார்த்த ஒரு பையனைப் பற்றிப் பேச்சு வந்தது. அவனை முத்தமிட்டதுண்டா என்று கார்சன் கேட்டார். இல்லை என்று சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். பேச்சுச் சாமர்த்தியம் ஒயில்டை விடவில்லை. அந்தப் பையன் அழகில்லாதவன் என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டார்.

கார்சன் பிடித்துக்கொண்டார். அப்படியானால் முத்தமிடாததற்கு அழகின்மைதான் காரணமா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். ஒயில்டு தடுமாறினார். சொல்லுக்குப் பஞ்சமே இல்லாதவர் சொல் கிடைக்காமல் தவித்தார்.

அந்த இளைஞர்களையே சாட்சிக்கு நிறுத்தப் போவதாகக் கார்சன் அறிவித்தார். மூன்றாம் நாள் வழக்கு வாபஸ் ஆயிற்று. அன்று மாலையே கடோகன் ஓட்டலில் ஒயில்டைப் போலீசார் கைது செய்தார்கள். பிரான்சுக்கு ஓடிப்போக நேரம் இருந்தது. அவர் போகவில்லை.

ஒரு உண்மையையும் சொல்லத்தான் வேண்டும். ஒயில்டு மாசு மறுவற்றவர் அல்ல. பணமும் பரிசும் கொடுத்து ஏழைப் பையன்களை நாடியது அவர் வாழ்வில் ஒரு கறை. வீட்டில் மனைவி ஏதும் அறியாமல் காத்திருந்தாள். ஆனால் கோர்ட்டு அந்தக் கறைக்காக மட்டும் அவரைத் தண்டிக்கவில்லை. ஆண் ஆணை விரும்புவதையே குற்றம் என்றது.

கூண்டில் நின்றபோது, டக்ளஸ் எழுதிய ஒரு கவிதையைக் காட்டி அதில் வரும் காதல் எப்படிப்பட்டது என்று அரசாங்க வக்கீல் கேட்டார். ஒயில்டு தயங்கவில்லை. பைபிளில் வரும் தாவீது, கிரேக்க ஞானி பிளேட்டோ, ஷேக்ஸ்பியர் ஆகியோர் பெயரைச் சொல்லி, அந்த அன்பின் பெருமையைப் பேசினார். மேல்மாடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கோர்ட்டில் அது அபூர்வம்.

அந்தத் தடவை ஜூரர்களிடையே ஒற்றுமை ஏற்படவில்லை. மறு விசாரணைக்கு உத்தரவாயிற்று.

கதவடைத்த ஓட்டல்கள்

மே மாதம் ஒயில்டு ஜாமீனில் வந்தார். தங்குவதற்கு ஓட்டல் தேடினார். இரண்டு ஓட்டல்களில் அறை கிடைத்தும் தங்க முடியவில்லை. குவீன்ஸ்பரியின் ஆட்கள் பின்னாலேயே வந்து ஓட்டல்காரர்களை மிரட்டினார்கள். அவர் வந்தால் எழுந்து வரவேற்ற ஊரில், நள்ளிரவில் ஒரு படுக்கை கிடைக்கவில்லை. கடைசியில் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினார். பிறகு எழுத்தாளர் ஏடா லெவர்சன் தம்பதி தங்கள் வீட்டில் குழந்தைகளின் அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள்.

இதற்குள் நாடகக் கொட்டகை விளம்பரங்களில் ஒயில்டின் பெயரை மறைத்துவிட்டார்கள். நாடகம் நடந்தது, நாடகாசிரியர் பெயர் இல்லை! டைட் தெரு வீட்டுச் சாமான்கள் கடனுக்காக ஏலம் போயின. குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களைக்கூட விட்டுவைக்கவில்லை.

மே 25-ந் தேதி தீர்ப்பு. இரண்டு ஆண்டு கடுங்காவல். இந்தத் தண்டனையே போதாது என்றார் நீதிபதி.

ரயில் நிலையத்தில் அரை மணி

அந்த ஆண்டு நவம்பரில் ஒயில்டை ரெடிங் சிறைக்கு மாற்றினார்கள். வழியில் கிளாப்பம் ஜங்ஷன் ரயில் நிலையம். பட்டப்பகல். கைதி உடை, கையில் விலங்கு. பிளாட்பாரத்தின் நடுவில் அரை மணி நேரம் நிற்கவைத்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ரயில்கள் வர வரக் கூட்டம் சேர்ந்தது. கண்டவர்கள் சிரித்தார்கள். இன்னார் என்று தெரிந்ததும் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அதன் பிறகு ஒரு ஆண்டு வரை, தினமும் அதே நேரத்தில் அதே அளவு நேரம் அழுததாக ஒயில்டே பின்னால் எழுதினார்.

இருவர் சேர்ந்து சாப்பிடுவதைக் காணச் சகிக்காத ஊர், ஒருவரை விலங்கோடு நிறுத்திப் பார்த்துச் சிரித்தது!

ஆனால் அதே 1895-ம் ஆண்டில் வேறொரு காட்சியும் நடந்தது. திவால் கோர்ட்டுக்கு ஒயில்டை இரண்டு போலீசாருக்கு நடுவே அழைத்துப் போனார்கள். தாழ்வாரம் நிறையக் கூட்டம். அங்கே ராபர்ட் ராஸ் என்ற இளைஞர் காத்து நின்றார். 1886-ம் ஆண்டு முதல் ஒயில்டின் நண்பர். அவரும் ஆண்களை விரும்புகிறவர். தம்மையும் சட்டம் பிடிக்கலாம் என்று தெரிந்தவர்.

ஒயில்டு தலை குனிந்து கடந்து போனார். ராஸ் தம் தொப்பியைத் தூக்கி, எல்லோரும் பார்க்க அவருக்கு மரியாதை செய்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் அப்படியே அடங்கிப் போயிற்று. இதைவிடச் சிறிய செய்கைக்காகச் சொர்க்கம் போனவர்கள் உண்டு என்று சிறையிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தில் ஒயில்டு நெகிழ்ந்திருக்கிறார்.

காப்ரி தீவில்

1897-ம் ஆண்டு மே 19-ந் தேதி விடுதலை. அன்று இரவே கப்பலேறி பிரான்சுக்குப் போனார். பிறகு அவர் இங்கிலாந்து மண்ணை மிதிக்கவே இல்லை. பெயரையும் செபாஸ்டியன் மெல்மோத் என்று மாற்றிக்கொண்டார்.

யார் தடுத்தும் கேளாமல் மறுபடி டக்ளசோடு சேர்ந்தார். இருவரும் இத்தாலிக்குப் போனார்கள். ஒரு நாள் காப்ரி தீவில் பெரிய ஓட்டல் ஒன்றில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அங்கே இருந்த ஆங்கிலேயர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். அவர் இருந்தால் நாங்கள் இருக்கமாட்டோம் என்று முறையிட்டார்கள். ஓட்டல்காரர் வந்து எழுந்து போகும்படி கேட்டுக்கொண்டார்.

தண்டனைக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் தண்டனை முடியவில்லை!

இரு குடும்பங்களும் பணத்தை நிறுத்தின. சில மாதங்களில் இருவரும் பிரிந்தார்கள். 1898-ம் ஆண்டு ஏப்ரலில் கான்ஸ்டன்ஸ் ஜெனோவாவில் இறந்தாள். குழந்தைகளுக்கு ஹாலண்டு என்று வேறு குடும்பப் பெயர் வைத்தாயிற்று. அவர்களை ஒயில்டு கடைசி வரை பார்க்கவில்லை.

1900-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பாரிஸ் நகரில் ஒரு சாதாரண ஓட்டல் அறையில் அவர் உயிர் பிரிந்தது. பக்கத்தில் ராஸ் இருந்தார்.

சட்டம் மாறியது, பார்வை?

அந்த 1885-ம் ஆண்டுச் சட்டம் 1967-ம் ஆண்டு வரை இங்கிலாந்தில் அப்படியே நின்றது. அந்த ஆண்டு திருத்தினார்கள். 21 வயது நிரம்பிய இரண்டு ஆண்கள், மூன்றாம் மனிதர் இல்லாத தனி இடத்தில் சேர்ந்திருந்தால் குற்றமில்லை என்றார்கள். தனி இடத்தில் மட்டும்! 1986-ம் ஆண்டிலே கூட, ஆக்ஸ்போர்டு தெரு பஸ் நிறுத்தத்தில் நள்ளிரவுக்குப் பின் அணைத்துக்கொண்டு நின்ற இரண்டு ஆண்களைத் தண்டித்தது சரியே என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பார்ப்பவர்களை அது அவமதிப்பதாகக் கருதப்பட்டது. ஆணும் பெண்ணும் அப்படி நின்றிருந்தால் போலீஸ்காரர் திரும்பிப் பார்த்திருப்பாரா?

ஒயில்டு பிறந்த அயர்லாந்து 1993-ம் ஆண்டில் அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. 2015-ம் ஆண்டில் மக்களே ஓட்டுப் போட்டு, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்ள வழி செய்தார்கள். 1860-ம் ஆண்டில் வெள்ளையர் ஆட்சி நம் நாட்டுக்குத் தந்த தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவும், வயது வந்தவர்கள் மனமொத்துச் சேர்ந்தால் செல்லாது என்று 2018-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2017-ம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் பழைய சட்டத்தால் தண்டிக்கப்பட்டு இறந்துபோன ஆயிரக்கணக்கானவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது. அதில் ஒயில்டும் அடக்கம். கிளாப்பம் ஜங்ஷனில் அவர் நின்றதை நினைவுகூர்ந்து 2019-ம் ஆண்டில் ஒரு பலகை வைத்தார்கள்.

கல்லில் பதிந்த முத்தங்கள்

ராஸ் தம் நண்பரை மறக்கவில்லை. ஒயில்டின் நூல்களை வெளியிட்டார். வருமானத்தில் கடன்களை அடைத்தார். மீதியைப் பிள்ளைகளுக்குச் சேர வைத்தார். 1909-ம் ஆண்டில் ஒயில்டின் உடலைப் பாரிஸ் நகரின் புகழ் பெற்ற பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றினார். அங்கே சிற்பி எப்ஸ்டீன் செதுக்கிய கற்சிலை எழுந்தது.

அதில் தம் சாம்பலுக்கும் ஒரு சிறு இடம் விடச் சொல்லியிருந்தார் ராஸ். அவர் 1918-ம் ஆண்டில் காலமானார். ஒயில்டு இறந்து சரியாக 50 ஆண்டு நிறைந்த நாளில், 1950-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, அந்தச் சாம்பலைக் கல்லறைக்குள் வைத்தார்கள்.

பின்னாளில் அந்தக் கல்லறைக்கு வந்தவர்கள் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு கல்லையே முத்தமிட்டார்கள். ஆணும் வந்தார்கள், பெண்ணும் வந்தார்கள். கல் முழுதும் சிவந்த உதடுகள்! சாயத்தின் எண்ணெய் கல்லை அரித்ததால், 2011-ம் ஆண்டில் சுற்றிலும் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். பிறகு அந்தக் கண்ணாடியிலும் முத்தம் பதிந்தது.

ஒரு முத்தம் பற்றிய கேள்வியில் விழுந்த மனிதர் அங்கே உறங்குகிறார். ஊரார் முன்னிலையில் அவருக்காகத் தொப்பியைத் தூக்கிய நண்பரும் அவரோடு இருக்கிறார். எழுந்து போங்கள் என்று அங்கே அவர்களை யாரும் சொல்வதில்லை.